பூட்டிய ஆட்டம்

ஐந்தாவது மணி நேரம். அவள் சதுரங்கப் பலகையில் யானையை ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்த்தினாள். போன முறை வலப்பக்கம் நகர்த்தியிருந்தாள். அரங்கின் மூன்றாம் வரிசையில் ஒருவர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். எதிரே, அவளோடு ஆடும் கம்ப்யூட்டருக்காகத் திரையைப் பார்த்துக் காய் நகர்த்தும் ஆபரேட்டர் கொட்டாவியை அடக்கக்கூட மெனக்கெடவில்லை.

சதுரங்க வட்டாரத்தில் அவளுக்குக் கத்திக்காரி என்று பட்டப்பெயர். பாய்ந்து அடிக்கிற ஆட்டம் அவளுடையது. ஆனால் பயிற்சியாளரான அவள் அண்ணன் ஆறு வாரமாக ஒன்றையே ஓதியிருந்தார்.

"அது நொடிக்கு லட்சக்கணக்குல கணக்குப் போடும். அதுகிட்ட கத்தியத் தூக்கினா நீ காலி. சிப்பாயெல்லாத்தையும் முட்ட வச்சு, எதுவும் நகர முடியாதபடி பூட்டிடு. அப்புறம் சும்மா உக்காந்திரு. தன் கைதான் ஓங்கியிருக்குன்னு நினைச்சுக்கும். டிராவுக்கு மனசு வராம எதையாவது தள்ளிக் கெடுத்துக்கும்."

முதல் இரண்டு ஆட்டமும் டிரா. இது மூன்றாவது, கடைசி.

எழுபத்து நாலாவது நகர்த்தலில் அது நடந்தது. ஒரு காரணமும் இல்லாமல், கம்ப்யூட்டர் தன் ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயைத் தள்ளியது. கதவு தானாகத் திறந்துகொண்டது. அடுத்த பன்னிரண்டு நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகூட முடித்திருக்கும்.

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. தூங்கியவர்தான் முதலில் எழுந்து தட்டினார். அண்ணன் ஓடிவந்து தோளை உலுக்கினார்.

"மனுஷ மூளை மனுஷ மூளைதான்! நிரூபிச்சுட்டே!"

அவளுக்கோ, கண் தெரியாதவன் நடக்கிற வழியில் காலை நீட்டிவிட்டு, ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்தேன் என்று மாலை வாங்கிக்கொண்டது போல இருந்தது.

"என்னத்த நிரூபிச்சேன்? மூணு நாளா ஒரு யோசனைகூட யோசிக்கல."

"அதுதான் திறமை. அடுத்த மாசம் மறுபடி கூப்பிடுறாங்க, சரின்னுட்டேன்."

"அப்ப நீயே போய் உக்காருண்ணா. இதுக்கு ஆடத் தெரியணும்னு அவசியமே இல்ல."

அண்ணன் முகம் சுருங்கிப் போனது. அவள் கழிப்பறைக்குப் போய் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவினாள்.

மறுவாரம் ஒரு சாதாரணப் போட்டி. எதிரே ஒரு பல் டாக்டர், ஆர்வக்கோளாறில் ஆடுகிறவர். இருபதாவது நகர்த்தல் ஆனபோதுதான் அவள் பலகையைச் சரியாகப் பார்த்தாள். எல்லாச் சிப்பாயும் முட்டிக்கொண்டு நின்றன. பூட்டியது அவள்தான். எப்போது பூட்டினாள் என்றே தெரியவில்லை.

"உடம்பு சரியில்லையா மேடம்? நீங்க இப்படி ஆட மாட்டீங்களே" என்றார் டாக்டர், குரலைத் தாழ்த்தி.

அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. அவள் குதிரையைப் பலி கொடுத்துப் பூட்டை உடைத்தாள். அவசரத்தில் உடைத்தது, கணக்கு இரண்டு நகர்த்தல் பிசகியது. மாலைக்குள் தோற்றாள். டாக்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவளோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்.

வாசலில் போன் அடித்தது.

"தோத்துட்டியாமே? கைக்கு வந்த டிராவ விட்டுட்டு எதுக்கு உடைச்சே?" என்றார் அண்ணன்.

அவள் போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டுப் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.