மஞ்சள் சீட்டு ஒட்டிய டின்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருஷம் பழனிமுத்து கொள்ளேகாலுக்கும் மைசூருக்கும் இடையே பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். பஸ் செலுவநாராயணனுடையது. மேல்கோட்டையிலிருந்து வந்து மைசூரில் நிலைத்த குடும்பம் அவருடையது. அவருக்கு இருந்தது அந்த ஒரே பஸ்தான். அதன் தகரத்தில் ஒரு கீறல் விழுந்தால்கூட இரண்டு நாள் சரியாகச் சாப்பிடமாட்டார். அப்படிப்பட்டவர்தான் ஒரு நாள் இன்ஜினுக்கு ஊற்றக் கடை எண்ணெயை வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

அதுவரை சீமைக் கம்பெனி எண்ணெய்தான் ஊற்றிவந்தார்கள். மைசூர் மண்டி மொஹல்லாவில் காளிதாஸ் என்பவர் தன் கடைப் பெயர் அச்சிட்ட மஞ்சள் சீட்டை டின்களில் ஒட்டி, பாதி விலைக்கு மோட்டார் எண்ணெய் விற்க ஆரம்பித்திருந்தார்.

"இத ஊத்தமாட்டனுங்க சாமி" என்றான் பழனிமுத்து.

"ஏன்? எண்ணெய்தானேடா இதுவும்?"

"கம்பெனி டின்னு அங்கிருந்தே மூடி அடிச்சு வருதுங்க. இத எங்க ரொப்புனாங்களோ, ஆரு ரொப்புனாங்களோ. ஒரு மாசத்துல இன்ஜின் போயிருமுங்க."

செலுவநாராயணன் அங்கவஸ்திரத்தை இடுப்பில் சுற்றிக்கொண்டு, தன் கையாலேயே எண்ணெயை ஊற்றினார்.

ஒரு மாசம் போயிற்று. ஆறு மாசமும் போயிற்று. இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் முள், முன்பு எங்கே நின்றதோ அங்கேயே நின்றது. மேட்டில் ஏறும்போதும் சத்தம் மாறவில்லை. கண்டக்டர் சித்தையன் வாரத்துக்கு ஒரு தரமாவது, "ஏனுங்ணா, வண்டி இன்னும் சாவலீங்களா?" என்று கேட்பான். பழனிமுத்துவுக்கு எரிச்சலாக இருந்தாலும், பொய் சொல்லத் தெரியாது. "நல்லாத்தான் இருக்குது. நாந்தான் அவசரப்பட்டுச் சொல்லிப்போட்டன்" என்று தன் மனைவி ராமக்காளிடம் ஒப்புக்கொண்டான்.

மாசி மாதத்தில் புது டின்கள் வந்தன. அதே மஞ்சள் சீட்டு, அதே கடை. மூடியைத் திறந்ததும் லேசாக மண்ணெண்ணெய் வாடை அடித்தது. விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தான், வழவழப்புப் போதவில்லை. ஆனாலும் போன தடவை பட்ட அவமானம் நினைவுக்கு வந்ததால் ஒன்றும் சொல்லாமல் ஊற்றினான். முதல் நாளே, இன்ஜின் சூடேறியதும், முள் வழக்கமான இடத்திலிருந்து பாதிக்கு இறங்கிவிட்டது.

அன்று மாலையே முதலாளியின் வீட்டு வாசலில் போய் நின்றான்.

"சாமி, இந்த டின்னு எண்ணெய் சரியில்லீங்க. முள்ளு எறங்குதுங்க."

"போன வருஷமும் இதையேதான் சொன்னே."

"அது வேறைங்க. அப்ப பாக்காமச் சொன்னேன். இப்பப் பாத்துட்டுச் சொல்றனுங்க."

"அதே கடை, அதே டின், அதே சீட்டு. ஆறு மாசம் நல்லா ஓடின எண்ணெய்க்கு இப்ப என்ன கேடு வந்தது? உனக்கு அந்தக் கடையைக் கண்டாலே ஆகலை. போ, போய் வேலையைப் பாரு."

மறுநாளும் சொன்னான். அதற்கு மறுநாளும் சொன்னான். நாலாவது தடவை செலுவநாராயணன் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வரவேயில்லை. அவர் மனைவி ஜயம்மா வந்து, அவர் பூஜையில் இருக்கிறார் என்றாள். சாயங்காலம் நாலு மணிக்கு என்ன பூஜை என்று பழனிமுத்துவால் கேட்க முடியவில்லை.

பத்தாம் நாள் கொள்ளேகாலிலிருந்து புறப்பட்ட பஸ்ஸில் கூட்டம் நெருக்கியடித்தது. மாரக்காள் என்ற பெண் மைசூரில் விற்பதற்காக ஆறு கூடை பட்டுக்கூடுகளை மேலே ஏற்றியிருந்தாள். வெயில் உச்சிக்கு ஏற, முள் பாதிக்கும் கீழே போயிற்று. வழியில் மூகூரில் நிறுத்தியபோது பழனிமுத்து இறங்கி அளவுக்கம்பியை உருவிப் பார்த்தான். எண்ணெய் முழு அளவு இருந்தது. ஆனால் கம்பியிலிருந்து தண்ணீர் போலச் சொட்டியது.

"சித்தையா, செத்த நேரம் நின்னு ஆற வெச்சுப் போலாமா?"

"போன வாரந்தான் லேட்டுன்னு சாமி அந்தக் கத்து கத்துனாரு. எனக்குத் தெரியாதுங்ணா. உங்க இஷ்டம்."

பழனிமுத்து ஒரு நிமிஷம் யோசித்தான். பிறகு ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தான். பிற்பாடு அந்த ஒரு நிமிஷத்தை நினைத்து நினைத்து அவன் தன்னையே திட்டிக்கொண்டான்.

மூகூர் தாண்டி மூன்று மைல் போவதற்குள் இன்ஜினின் அடிவயிற்றில் யாரோ சுத்தியால் தட்டுவதுபோல் சத்தம் கிளம்பியது. அவன் நிறுத்துவதற்குள் தட்டல் பெரிதாகி, ஒரு கரகரப்போடு எல்லாம் அடங்கிவிட்டது. முள் பூஜ்யத்தில் கிடந்தது.

மரமே இல்லாத இடம். ஜனங்கள் இறங்கி ஆளுக்கொன்று பேசினார்கள். மாரக்காள் நேராக அவனிடம் வந்தாள்.

"இந்தப் பட்டுக்கூட்ட இன்னிக்கு வித்தாகோணும். பூச்சி ஓட்டை போட்டுட்டு வெளிய வந்துட்டா எவன் வாங்குவான்? வண்டி ஓட்டறவனுக்கு வண்டியப் பத்தித் தெரிய வேண்டாமா?"

"தெரிஞ்சுதுங்க அம்மிணி. பத்து நாளைக்கு முன்னாலயே மொதலாளிகிட்டச் சொல்லிப்போட்டன்."

"தெரிஞ்சும் ஏன் ஓட்டிட்டு வந்தே?"

அந்த வழியாக வந்த மாட்டுவண்டியை அவனே மறித்து, கெஞ்சிக் கேட்டு, கூடைகளை ஏற்றிவிட்டான். வண்டி கண்ணை விட்டு மறையும்வரை மாரக்காள் திட்டிக்கொண்டே போனாள்.

பஸ்ஸை மாடு கட்டி இழுத்து மைசூருக்குக் கொண்டுவர இரண்டு நாள் ஆயிற்று. மெக்கானிக் கரியப்பன் இன்ஜினைப் பிரித்தார். பேரிங்குகளில் இருந்த வெள்ளை உலோகம் உருகி வழிந்திருந்தது. பெங்களூருக்கு அனுப்பி வார்த்துக் கொண்டுவர ஒரு மாசத்துக்கு மேல் ஆகும் என்றார்.

"எண்ணெய்னாலதானே?" என்று பழனிமுத்து ஆவலோடு கேட்டான்.

"எண்ணெய் கெட்டிருந்தாலும் இப்படி ஆகும். எண்ணெய் இல்லாம ஓட்டினாலும் இப்படித்தான் ஆகும். வெறுமனே பாத்து எப்படிச் சொல்றது?" என்றார் கரியப்பன்.

செலுவநாராயணனுக்கு அது போதுமானதாக இருந்தது. "எண்ணெய் ஊத்தாம ஓட்டியிருக்கே. இல்லேன்னா கண்ணுமண்ணு தெரியாம வேகமா ஓட்டியிருக்கே. எம்மேல இருந்த கோவத்தை வண்டி மேல தீத்துண்டிருக்கே" என்றார். பஸ் ஸ்டாண்டிலும் அப்படியே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பழனிமுத்துவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. தப்பாகச் சொன்ன அன்று ஊரெல்லாம் சிரித்தது. சரியாகச் சொன்ன அன்று ஒருவரும் கேட்கவில்லை. வீட்டில் அதையே திரும்பத் திரும்பப் பேசினான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ராமக்காள் மூன்றாம் நாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏனுங், நெய்யில கலப்படம் இருக்குதான்னா காச்சித்தான பாக்கறோம்? அந்த எண்ணெயையும் காச்சிப் பாக்கறதுதான? எங்கிட்டப் பேசி என்ன ஆகப்போவுது?"

அவன் எழுந்து ஓடினான். பஸ் இருக்கைக்கு அடியில் முதல் தடவை வாங்கிய எண்ணெய் ஒரு பாட்டிலில் மிச்சம் இருந்தது. புது டின்னிலும் கால் பாகம் இருந்தது. ராமக்காளே அடுப்பை மூட்டி இரண்டு இரும்புக் கரண்டிகளில் இரண்டையும் காய்ச்சினாள். பழையது சத்தமில்லாமல் சூடேறியது. புதியது சடசடவென்று வெடித்துத் தெறித்தது. உள்ளே தண்ணீர் இருந்தது. வீடு முழுக்க மண்ணெண்ணெய் நாற்றம். சாய்த்து வைத்த தகரத்தில் ஊற்றியபோது பழையது மெதுவாக இறங்கிற்று. புதியது ஓடியே போயிற்று.

மறுநாள் காலை செலுவநாராயணனை வற்புறுத்திக் காளிதாஸ் கடைக்கு அழைத்துப்போனான். கடை வாசலிலேயே கரியடுப்பை வைத்து, எல்லோரும் பார்க்க அதையே செய்துகாட்டினான். முதலில் "யாரும் குறை சொல்லல, நோடி, பாருங்க ஸ்வாமி" என்று சொன்ன காளிதாஸின் குரல், எண்ணெய் சடசடத்ததும் இறங்கிவிட்டது.

"டின்னும் சீட்டும் நம்முது ஸ்வாமி. எண்ணெய் பீப்பாய்ல வருது. முன்னால ஒருத்தர் அனுப்பினார், நல்ல சரக்கு. இப்ப வேற ஒருத்தர். பழைய எண்ணெயை வடிகட்டிக் கலந்திருக்கான் போல. எனக்குத் தெரியாது, சத்தியமா." பேரிங் வார்க்கும் செலவில் பாதியைத் தானே தருவதாகவும், வேறு டின்கள் கொடுப்பதாகவும் சொன்னார்.

செலுவநாராயணன் தகரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பழனிமுத்து காத்திருந்தான். 'நீ சொன்னது சரிதாண்டா' என்று ஒரே ஒரு வார்த்தை. அவர் வாய் திறந்தார்.

"சரி, அந்த வேற டின்னை எடும்."

"மறுபடியும் இங்கயேங்களா சாமி?"

"காய்ச்சிப் பாரேன். உனக்குத்தான் தெரியறதே."

ஆத்திரத்தோடு காய்ச்சினான். அந்த எண்ணெய் நன்றாகவே இருந்தது. சடசடக்கவில்லை, நாறவில்லை, கனமாக இறங்கியது. கெட்டது என்று சொல்லிவிடலாமா என்று அவனுக்கு ஒரு கணம் தோன்றியது. சொல்லவில்லை. "நல்லா இருக்குதுங்க" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

வைகாசியில் பஸ் மறுபடியும் ஓடத் தொடங்கியது. ஒவ்வொரு டின்னையும் அவன் காய்ச்சிப் பார்த்த பிறகுதான் ஊற்ற வேண்டும் என்று ஏற்பாடு. முதல் நாள் பஸ் ஸ்டாண்டில் செலுவநாராயணன் நான்கு பிரயாணிகளை நிறுத்திவைத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"மத்த பஸ்காரா எல்லாம் கண்டதையும் ஊத்தறா. என் வண்டியில அது கிடையாது. டின் டின்னா நான் சோதிச்சுத்தான் ஊத்தறது."

பழனிமுத்து இன்ஜின் முன்னால் குனிந்து ஹாண்டிலைப் பிடித்திருந்தான். சித்தையன் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். பழனிமுத்து ஹாண்டிலைச் சுழற்றினான். இன்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.