மருமகன் நட்ட சோளன்

முனாஸ் சோளன் நட்டிருந்த விதத்தைப் பார்த்துக் கைறுன்னிஸாவுக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. கிணற்றடிக்கும் வேலிக்கும் நடுவே கிடந்த துண்டு நிலத்தில் சாணுக்கு ஒரு குழி, குழிக்கு மூன்று விதை. மாரி மழை நன்றாகப் பிடித்ததில் ஒன்றும் பொய்க்கவில்லை. பதினைந்தாம் நாள் பார்த்தால் சோளனா, நெல் நாற்றா என்று கேட்கும் அளவுக்கு நெருங்கி நின்றது.

மருமகனைச் சொல்லிக் குற்றமில்லை. பிறந்து வளர்ந்தது காத்தான்குடியில். அங்கே ஒரு வீட்டில் தாளித்தால் மூன்று வீட்டில் தும்முவார்கள். விரலளவு நிலத்தையும் சும்மா விடமாட்டார்கள். துணிக்கடைக்கார மனிதர், மண்ணைக் கண்டதும் பழக்கதோசத்தில் அதையே செய்துவிட்டார்.

கைறுன்னிஸா ஏறாவூர்க்காரி. வாப்பாவோடு காடு வெட்டிய சேனையில் சோளன் போட்டு வளர்ந்தவள். குழிக்கு ஒரு கண்டுதான் நிற்கவேண்டும், வரிக்கு வரி தாராளமாக இடம் வேண்டும். மிச்சத்தைச் சின்னதிலேயே பிடுங்கி ஐதாக்கிவிட வேண்டும். விட்டால் எல்லாம் நெடுநெடுவென்று வளரும், பொத்தியில் மணி பிடிக்காது. இதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சொல்லத்தான் வாய் வரவில்லை.

மகள் ரிப்காவை முனாசுக்குக் கட்டிக்கொடுத்து நாலு மாதம். இந்தப் பக்கத்து வழக்கப்படி வீடும் வளவும் மகளுக்கு. மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார், பெற்றவர்கள் பின்னால் ஓர் அறையை இறக்கிக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசுவது கிடையாது. "மீன் போதுமாண்டு கேளு மகள்" என்று கதவுக்குப் பின்னால் நின்று சொல்வாள். மகள் கேட்பாள், அவர் போதும் என்பார்.

நல்ல மனிதர்தான். ஆனால் வியாழன் பின்னேரம் ஆனால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு உம்மா வீட்டுக்குப் போய்விடுவார். முதலில் வெள்ளி பகலில் திரும்பினார், பிறகு சனியாயிற்று. ரிப்கா வாய் திறந்து ஒன்றும் சொல்வதில்லை. அந்த நாட்களில் அவள் கோப்பையில் சோறு அப்படியே கிடக்கும்.

சோளன் நட்ட பிறகுதான் அவர் கால் கொஞ்சம் தரித்தது. விடிந்ததும் வாளியோடு கிணற்றடியில் நிற்பார். போன வாரம் வெள்ளிக்கே வந்துவிட்டார். அதுதான் கைறுன்னிஸாவின் பயம். பிழை என்று சொன்னால் மனிதர் முகம் சுருங்கிப் போய்விடுவார். சொல்லாவிட்டாலும் தை மாதம் மணியில்லாத பொத்தியைப் பார்த்து அதே முகம் சுருங்கத்தான் போகிறது.

"நீ சொல்லன் மகள்."

"நான் மாட்டன் உம்மா. ஆசையா நட்டிரிக்காரு."

வட்டையில் வயல் பார்த்துவிட்டு வந்த புருசன் பாறூக்கிடம் சொன்னாள். "மாப்பிள்ளைக்கிட்டப் பிழை பிடிக்கிறதா? சோளன் போனாப் போகட்டும்" என்றார். அதோடு நில்லாமல், முனாசைக் கண்டதும் "நல்லா வந்திரிக்கி" என்று புகழ்ந்தும் வைத்தார். கைறுன்னிஸாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புதன்கிழமை அவர் கடைக்குப் போன நேரம் பார்த்துத் தானே பிடுங்கிவிடலாம் என்று இறங்கினாள். ஒன்றைப் பிடுங்கினாள். மனம் கேட்கவில்லை. மருமகன் ஆசைப்பட்டு நட்டதை அவர் இல்லாத நேரம் பிடுங்குவது களவு மாதிரி இருந்தது. திரும்பி வந்துவிட்டாள்.

வியாழன் காலையில் முனாஸ் யூரியாப் பையோடு நின்றார். இலை மஞ்சளடிப்பதைக் கண்டு, பசளை போதவில்லை என்று நினைத்துவிட்டார் போலும். கை நிறைய அள்ளியும் விட்டார். "ரிப்கா" என்று கூப்பிட்டாள் கைறுன்னிஸா. மகள் குளியலறையில். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நேரே போனாள்.

"மகன், அதப் போடாதீங்க."

முனாஸ் அப்படியே நின்றார். நாலு மாதத்தில் அவள் அவரிடம் நேரே பேசிய முதல் பேச்சு.

"பசளைக் குறை இல்ல. நெருக்கிப் போட்டீங்க. குழிக்கு ஒண்ட விட்டுட்டு மத்தத எல்லாம் புடுங்கணும். மறுகா வரி விட்டு வரி புடுங்கணும்."

"அப்ப ஆறுல ஒண்டுதானே மிஞ்சும்?"

"ஓம்."

அவர் கண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். போச்சு, இன்றைக்குப் போகிறவர் என்றைக்குத் திரும்புவாரோ அல்லாஹ்வுக்குத்தான் தெரியும் என்று கைறுன்னிஸா நினைத்தாள். முனாஸ் யூரியாவைப் பையில் கொட்டிவிட்டுக் குந்தினார்.

"எத விடுற மாமி?"

"தண்டு தடிச்சத. சும்மா இழுத்தா மத்தத்துட வேரும் ஆடும். அடிய அமத்திப் புடிச்சிக்கிட்டுப் புடுங்குங்க."

அவர் தடித்ததையே பிடுங்கினார்.

"அத இல்ல. கண்ணென்ன பிடரியிலயா இரிக்கி?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். முனாஸ் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

"எங்கட உம்மாவும் இப்பிடித்தான் ஏசுவா. இஞ்ச நான் எதச் செஞ்சாலும் நல்லம், நல்லம் எண்டுதானே சொல்றீங்க எல்லாரும். விருந்துக்கு வந்தவனத்தான் மாமி ஒருத்தரும் ஏச மாட்டாங்க."

கைறுன்னிஸாவுக்கு அப்போதுதான் விளங்கியது. மரியாதை, மரியாதை என்று பார்த்துப் பார்த்துச் செய்ததெல்லாம் மனிதரை வாசலோடு நிறுத்தி வைத்திருக்கிறது. மகளுக்காகவும் இவருக்காகவும் சேர்த்து அழுகை வந்தது. அடுத்த வரியில் குந்தி ஒரு கண்டின் அடியை அமத்திப் பிடித்தாள்.

"கதைச்சது போதும்" என்றாள். "அவ்வளவும் அப்படியே கிடக்கு. வெயில் ஏறமுன்ன முடிங்க."