கோபுரத்துக்குப் பின்னால் நின்ற படை

அந்தக் கோட்டை விளையாட்டில் மகுடேஸ்வரன் தோற்றதே கிடையாது. இரண்டாயிரத்து ஒன்றில், மண்ணரை பனியன் யூனிட்டின் சாம்பிள் ரூமில் இருந்த இரண்டு கம்ப்யூட்டர்களையும் வயர் போட்டு இணைத்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆடிய ஆட்டம் அது. எதிரே உட்காருபவன் மாரிச்செல்வம். கோவில்பட்டிப் பக்கமிருந்து வந்து கட்டிங் செக்‌ஷனில் சேர்ந்திருந்தவன். முதலாளி மகனான மகுடேஸ்வரனுக்கும் அவனுக்கும் ஒரே வயது. எதிராளியின் கோட்டையை இடித்தால் ஜெயம். இடிபடுவது எப்போதும் மாரியின் கோட்டைதான்.

அந்த ஆட்டத்தின் படமே ஒரு தினுசு. மொட்டை மாடி மூலையில் நின்று கீழே எட்டிப் பார்க்கிற மாதிரி ஊர் முழுக்கச் சாய்வாகத் தெரியும். பார்வையைத் தலைகீழாக நின்றாலும் திருப்ப முடியாது. பக்கத்தில் நிற்கிற சிப்பாயும் அந்தக் கோடியில் நிற்கிறவனும் ஒரே உயரம். கோபுரத்துக்குப் பின்னால் எவன் போய் நின்றாலும், அவன் அங்கே இருப்பது அனுப்பியவனுக்கு மட்டும்தான் தெரியும்.

எட்டு வருஷம் ஓடிவிட்டது. அப்பா மாரப்பன் யூனிட்டை மகன் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். மாரி ஃப்ளோர் இன்சார்ஜ் ஆனான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் எப்போதோ நின்றுபோயிருந்தது. வெளிநாட்டு ஆர்டர்கள் வற்றிக் கிடந்த அந்த வருஷம் பார்த்துத்தான், வேலுமணி தன் யூனிட்டை விற்கப் போகிறார் என்று தரகர் வந்து நின்றார். கணியூரில் இருந்த சொந்தத் தென்னந்தோப்பை விற்றால் வாங்கிவிடலாம். வாங்கலாமா? சுற்றியிருந்தவர்கள் சொல்லிவைத்தாற்போல் ஜால்ரா போட்டார்கள். மகுடேஸ்வரன் நம்பியது ஒரே ஒரு வாயை, மாரியின் வாயை. அந்த வாயும், "வாங்கிப் போடுங்க மொதலாளி, நல்லாத்தான் இருக்கும்" என்றது. அப்புறம் என்ன யோசனை? திங்கட்கிழமை அட்வான்ஸ் என்று பேச்சு முடிந்தது.

முந்தின நாள் ஞாயிறு. பழைய ஆட்டம் புது மெருகோடு வந்திருக்கிறதென்று கேள்விப்பட்டு, சாம்பிள் ரூம் கம்ப்யூட்டர்களில் ஏற்றிவைத்து மாரியைக் கூப்பிட்டனுப்பினான்.

"ஏப்பா மாரி, ஒரு கை பாத்துருவமா?"

"எல்லாம் மறந்து போச்சு மொதலாளி. சும்மா ஆடுவோம்."

படம் விரிந்ததும் மகுடேஸ்வரன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். அதே ஆறு, அதே பாலம், அதே கோபுரம். ஆனால் இப்போது பக்கத்து ஆள் பெரிசாகவும் தூரத்து ஆள் எறும்பாகவும் தெரிந்தார்கள். அழகுதான், யார் இல்லை என்றது? இருந்தாலும் எல்லாரும் ஒரே உயரமாக நின்ற அந்தப் பழைய படத்துக்காக மனசு ஏங்கியது. மானிட்டர் மேல் வைத்துத் தின்ற முட்டை பப்ஸின் மணம்கூட வந்த மாதிரி இருந்தது.

ஆட்டம் வழக்கம்போல் போனது. மகுடேஸ்வரனின் சிப்பாய்கள் பாலம் தாண்டிக் கோட்டைக் கதவை இடிக்கத் தொடங்கினார்கள். தடுக்க வந்தவர்கள் நாலு நோஞ்சான்கள். உற்சாகத்தில் மவுசின் சக்கரத்தை அழுத்தித் தொலைத்துவிட்டான் போலிருக்கிறது. ஊரே மெல்லச் சுழன்றது. அட, இப்போது பார்வையைத் திருப்பலாமா! சின்னப்பிள்ளை மாதிரி இன்னும் கொஞ்சம் திருப்பினான்.

கோபுரத்துக்குப் பின்னால் ஒரு படையே நின்றது. குதிரை, வில், கவண் எல்லாம் வரிசை கலையாமல் நின்றன. கோட்டை இடிபடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றன.

மாரி பழைய பழக்கத்தில் அங்கே கொண்டுபோய் ஒளித்திருக்கிறான். பார்வை திரும்பும் என்பது பாவம், அவனுக்குத் தெரியவில்லை.

மகுடேஸ்வரனுக்கு முகம் சுண்டிப்போனது. அத்தனை ஞாயிறும் இப்படித்தானா? தான் கத்திக் கும்மாளம் போட்ட ஒவ்வொரு ஜெயமும் பிச்சைதானா? அப்படியானால் நேற்றைக்குச் சொன்ன அந்த 'நல்லாத்தான் இருக்கும்'?

"மாரி, கோபரத்துக்குப் பின்னால நிக்கறது ஆருது?"

மாரி எழுந்து வந்து பார்த்தான். பார்த்ததும் அவன் காது மடல் சிவந்தது.

"எப்பவுமே உட்டுத்தான் குடுத்தியா?"

"மொதல்ல பயந்துதான் மொதலாளி. பொறவு..." மாரி தரையைப் பார்த்தான். "ஞாயித்துக்கிழமன்னா லைன் வீட்ல நான் ஒத்தையில கெடப்பேன். நீங்க செயிச்சாத்தான் அடுத்த வாரமும் கூப்பிடுவீங்கன்னு..."

கோபப்படலாம் என்று வாயைத் திறந்த மகுடேஸ்வரன் மாரியின் நாற்காலியைக் கை காட்டினான்.

"போய் உக்காரு. இப்ப நெசமா ஆடு."

மாரி தயங்கித் தயங்கித்தான் மவுசைத் தொட்டான். பிறகு தயக்கமே இல்லை. அந்தப் படை கோபுரத்தைச் சுற்றி இரண்டு பக்கமும் பிரிந்து வந்தது. பாலத்தில் ஒருவன் மிஞ்சவில்லை. மகுடேஸ்வரனின் கோட்டை டீ ஆறுவதற்குள் மண்ணாகிவிட்டது.

"இப்பச் சொல்லு. வேலுமணி யூனிட்ட வாங்கறதா, வேண்டாமா?"

மாரி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வேணாம் மொதலாளி. போய்ப் பாத்தேன். தேஞ்ச மெஷினுக்குப் பெயின்ட் அடிச்சு நிறுத்தியிருக்கான். நம்ம மெஷினுக்கே ஓட்ட ஆர்டர் இல்ல. தோப்பு போனாத் திரும்ப வராது."

மகுடேஸ்வரன் தரகருக்குப் போன் போட்டு, நாளைக்கு வரவில்லை என்று சொல்லி வைத்தான். வெளியே ஷட்டரை இறக்கும்போது மாரி பூட்டை நீட்டினான். அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஞாயிறும் இந்த இடத்தில் மகுடேஸ்வரன், "அடுத்த வாரம் வந்துரு" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுவான். இன்றைக்குச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"அடுத்த ஞாயித்துக்கெழமை வருவியா, மாரி?"