செலியாவுக்குத் தூவிய பூ

ஹசிந்தாவின் மகள் செலியா நாலு வயசில் காய்ச்சலில் போனவள். ஓடையோரம், வனிலாக் கொடிகளுக்கு நடுவே இருந்த பழைய வீடு ஒன்றுதான் அந்தப் பிஞ்சுக்குத் தெரியும். அவள் போன பிறகுதான் அங்கே எண்ணெய் பீறிட்டது. கம்பெனிக்காரர்கள் குடிசைகளைக் காலி பண்ணி, எல்லாரையும் தகரக்கூரை வரிசையில் கொண்டுவந்து வைத்தார்கள். சாராயக்கடை, சினிமாக் கொட்டகை, தண்டவாளம் என்று போசா ரிக்காக் கிராமம் கண்ணெதிரே பட்டணமாகிவிட்டது.

செத்த பிள்ளைகள் வருஷத்துக்கு ஒருநாள், உச்சிப்பொழுதில், வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். வாசலிலிருந்து படையல்வரை செண்டுப்பூ இதழைத் தூவிவைத்தால் போதும், வாசம் பிடித்து வந்துவிடுவார்கள். இந்த வருஷம் வாசலே மாறிவிட்டதே, குழந்தை எங்கே வந்து நிற்கும்?

"பழைய வாசல்லேருந்தே தூவப்போறேன்" என்றாள் புருஷனிடம்.

"அங்க ஏதுடி வாசல்? இரும்புக் கோபுரம்ல நிக்குது" என்றான் மாக்சிமோ. சொன்னானே தவிர, இன்னொரு கூடைப் பூவை அவனே உதிர்த்துக் கொடுத்தான்.

கோபுரத்தைச் சுற்றிய கம்பிவேலியருகே காவல்காரன் சிரித்தான். "என்னக்கா, எண்ணெய்க்குப் பூப்போட்டா நாத்தம் போயிருமா?"

"எம் பொண்ணு வர்றா தம்பி. உனக்குப் பிள்ளைங்க உண்டா?"

அவன் சிரிப்பு அடங்கிவிட்டது. "உள்ள விட்டா என் வேலை போயிரும்க்கா."

சரியென்று வேலியடியிலிருந்தே தொடங்கினாள். குனிந்தபடியே ரோட்டைத் தாண்டி, தண்டவாளத்தைத் தாண்டி, தன் வீட்டுக்குள் படையல்வரை தூவி முடித்தாள். இலையில் மடித்த சோளக் கொழுக்கட்டையை எடுத்துவைத்துவிட்டு வாசலுக்கு வந்து பார்த்தாள்.

குழாய் ஏற்றிய லாரிகள் போய்க்கொண்டிருந்தன. டயரில் ஒட்டிய இதழ்கள் முச்சந்தியில் பிரிந்து, ஒரு கோடு ஸ்டேஷனுக்கும் இன்னொன்று சாராயக்கடைக்குமாக மஞ்சள் மஞ்சளாய் ஓடின.

ஹசிந்தா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"நீ போட்டத நீயே பெருக்குறியேடி" என்று பின்னாலேயே வந்தான் மாக்சிமோ.

"நம்ம வீட்டுக்கு வராட்டிப் போகுது. சாராயக்கடை வாசல்ல போயி நிக்கக்கூடாது, எம் புள்ள."

மாக்சிமோவும் குனிந்தான். தாரில் ஒட்டியிருந்த இதழ்களை நகத்தால் சுரண்டி எடுத்தான். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். இரண்டு பேரும் நிமிரவேயில்லை. வேலிவரைக்கும் ஓர் இதழ் மிச்சமில்லாமல் பெருக்கியாயிற்று.

பிறகு ஹசிந்தா வீட்டுக்குப் போய்க் கொழுக்கட்டையை எடுத்துவந்து, கம்பிக்குள் கைவிட்டு அந்தப் பக்கத் தரையில் வைத்தாள். காவல்காரன் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றான்.

"இங்கயே இருந்துக்க கண்ணு. இனிமே அம்மாதான் உன்னத் தேடி வருவேன். ஓடப்பக்கம் மட்டும் போயிராத" என்றாள்.

ஓடையைத்தான் எப்போதோ மண்ணடித்து மூடிவிட்டார்களே.