சட்டைக் கையை விடாதவள்

கைப்பேசியில் இருந்த அந்த வீடியோவைக் கொளஞ்சியம்மாள் பதினோரு தடவை பார்த்துவிட்டாள். மொத்தம் நான்கு நிமிடம். அதற்குள் அவள் பெற்று வளர்த்த ஒரே மகன் இளவரசு முப்பத்திரண்டு முறை கீழே விழுகிறான். விழுகிறான் என்பதுகூடச் சரியில்லை. ஒரு வெள்ளைக்காரப் பெண் அவனைத் துணி துவைப்பதுபோலத் தூக்கித் தூக்கிப் போடுகிறாள். அவனோ ஒவ்வொரு முறையும் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, சிரித்தபடி மறுபடி அவளிடமே போய் நிற்கிறான்.

அந்தச் சிரிப்பிலேயே கொளஞ்சியம்மாளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. நினைத்தபடியே, இரண்டு நாள் கழித்து அவளைத்தான் கட்டிக்கொள்ளப் போவதாகப் போனில் சொன்னான்.

பெயர் மார்லூஸ். நெதர்லாந்துக்காரி. ஜூடோவில் எழுபது கிலோ பிரிவில் இரண்டு முறை ஐரோப்பிய சாம்பியன். சிதம்பரத்தில் உடற்கல்வி படித்துவிட்டு மேற்படிப்புக்காக அங்கே போன இளவரசு, அவள் பயிற்சி செய்யும் கிளப்பில் வேலைக்குச் சேர்ந்தான். தூக்கிப் போட்டுப் பழக சாம்பியனுக்கு ஓர் ஆள் வேண்டுமல்லவா? அந்த ஆள் இவன்.

இப்போது இருவரும் கடலூர் வீட்டுக்கு வந்து எட்டு நாளாகிறது. ஞாயிற்றுக்கிழமை விமானம். "அம்மா சரின்னு சொன்னாத்தான் கல்யாணம்" என்று இளவரசு வந்த அன்றே சொல்லிவிட்டான். கொளஞ்சியம்மாள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பெண்ணைப் பிடிக்காமல் போயிருந்தால் சுலபமாயிருக்கும். காலை ஐந்து மணிக்கு எழுந்து சில்வர் பீச் வரை ஓடிவிட்டு வருகிறாள். பத்து இட்லியை முகம் சுளிக்காமல் சாப்பிடுகிறாள். கேஸ் சிலிண்டரை ஒற்றைக் கையால் தூக்கி அடுப்படியில் வைத்துவிட்டு, "சரியா, அத்தை?" என்கிறாள். எல்லாம் சரிதான். ஆனால் அந்த முப்பத்திரண்டு?

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது கடலூர் ஸ்டேடியத்தில் ஜூடோ பழகப் போன இளவரசு இப்படி விழுந்துதான் காறை எலும்பை முறித்துக்கொண்டான். 'டப்' என்று கேட்ட அந்தச் சத்தம் பன்னிரண்டு வருடமாகியும் கொளஞ்சியம்மாளின் காதைவிட்டுப் போகவில்லை. ஒரு தடவை விழுந்ததற்கே அப்படி. இவள் கையில் வாழ்நாள் முழுக்கவா கொடுப்பது?

சனிக்கிழமை சிதம்பரத்தில் சந்திரலேகா வீட்டு விருந்து. சந்திரலேகா, கொளஞ்சியம்மாளின் கணவர் தேவநாதனின் தங்கை. தன் மகளை இளவரசுக்குக் கொடுக்கலாம் என்று எட்டு வருடம் காத்திருந்தாள். மகளோ பெங்களூரில் தானே ஒருவனைப் பார்த்துக்கொண்டாள். அவள்மேல் காட்ட முடியாத கோபத்தை அன்றிலிருந்து மற்றவர்கள்மேல் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டி வருகிறாள்.

காரைத் தேவநாதன் ஓட்டினார். இதே சாலையில் முப்பது வருடம் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இன்னமும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் கால் தானாகவே பிரேக்குக்குப் போகும்.

"இந்தப் பொண்ணு எத்தினி வருசமாடா இத ஆடுது?" என்றாள் கொளஞ்சியம்மாள், ஆலப்பாக்கம் தாண்டியதும்.

"ஆறு வயசுலேர்ந்தும்மா. அவுங்கப்பா மாட்டுப்பண்ண வெச்சிருக்காரு. கன்னுக்குட்டியோட கட்டிப் பொரண்டதுலயே பாதி ஜூடோ வந்துடுச்சும்பா. இருவத்திரண்டு வயசுல முட்டி ஜவ்வு கிழிஞ்சுபோச்சு. இனிமே ஆடாதன்னுட்டாரு டாக்டர். அடுத்த வருசமே ஐரோப்பா சாம்பியன். நாலு வருசம் கழிச்சு மறுபடியும். ஒலிம்பிக்ஸ் ரெண்டு தடவ போனா, மெடல் வரல. போன வருசம் மறுபடி ஐரோப்பா ஃபைனல். ஜெயிக்கிற நேரத்துல முழங்கை போயிடுச்சு. அதோட நிறுத்திட்டா."

'பாவம்' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. கொளஞ்சியம்மாள் அதை விழுங்கிக்கொண்டாள்.

"நீ எத்தினி தடவ ஜெயிச்ச?"

"எனக்கு எங்கம்மா போட்டி? என் வேல வுழுவுறதுதான்."

"பெருமையாச் சொல்லிக்க."

தேவநாதன் சமாதானத்துக்கு வந்தார். "இந்தா, இவுங்க ஆளுங்க முந்நூறு வருசத்துக்கு முன்னாடியே பரங்கிப்பேட்டையில கட போட்டவுங்க. நமக்கு ஒண்ணும் புதுசு இல்ல."

"கட போட்டவுங்க சரக்கத்தான ஏத்திக்கினு போனாங்க? என் புள்ளையவா ஏத்திக்கினு போனாங்க?"

தேவநாதன் அடுத்த நிறுத்தத்துக்குப் பிரேக் போட்டார்.

சந்திரலேகா குறை வைக்கவில்லை. சுடச்சுட இட்லி, சம்பா சாதம், கத்தரிக்காய் கொத்சு. மார்லூஸ் மூன்றாம் முறை கொத்சு வாங்கியபோதுதான் சந்திரலேகா ஆரம்பித்தாள்.

"வீடியோ நானும் பாத்தேன் அண்ணி. மாமியா மருமவள அடிப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். உங்க வூட்ல எல்லாம் தலகீழாத்தான் நடக்கும்போல. காப்பியில சக்கர கொறஞ்சா உங்களயும் தூக்கிப் போட்டுருமா? பொண்டாட்டிகிட்ட அடி வாங்கவா இவன் ஏரோப்ளேன் ஏறிப் போனான்?"

இளவரசு சிரித்தான். கொளஞ்சியம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் எட்டு நாளாக மனசுக்குள் பூட்டி வைத்திருந்த கேள்வியை அல்லவா இவள் எடுத்து இலையில் பரிமாறிவிட்டாள்! எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்து, கூடத்தின் நடுவில் நின்றாள்.

"மார்லூசு, இங்க வா. என்னயத் தூக்கிப் போடு, பாப்போம்."

"உனக்குச் சுகர் இருக்குது, பிரஷர் இருக்குது..." என்று பதறினார் தேவநாதன்.

"வாயும் இருக்குது. நீங்க சும்மா இருங்க."

இளவரசு மொழிபெயர்த்ததும் மார்லூஸ் வேகமாகத் தலையாட்டி மறுத்தாள். மறுபடியும் மறுத்தாள். பிறகு கொளஞ்சியம்மாளின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதில் கோபத்தைவிடப் பயம்தான் ஜாஸ்தியாகத் தெரிந்ததோ என்னவோ, "மெத்தை இருக்கா?" என்று கேட்டாள்.

இலவம்பஞ்சு மெத்தைகள் நான்கு வந்தன. பிடிப்பதற்கு ரவிக்கையில் நீளக் கை கிடையாது. காலையில் இளவரசும் மார்லூஸும் கடலூர் ஸ்டேடியத்துப் பிள்ளைகளோடு ஆடிவிட்டு வந்ததில் ஜூடோ சட்டைகள் காரிலேயே கிடந்தன. மகனின் வெள்ளைச் சட்டையைப் புடவைக்கு மேல் மாட்டி, கறுப்பு பெல்ட்டும் கட்டி நின்ற அண்ணியைப் பார்த்துச் சந்திரலேகா போனை எடுத்தாள்.

"படம் புடிச்ச, அடுத்தது நீதான்" என்றாள் கொளஞ்சியம்மாள். போன் உள்ளே போய்விட்டது.

"பயமா இருந்தா அவ மேல ரெண்டு தட்டு தட்டும்மா. தோத்துட்டேன்னு அர்த்தம். உடனே வுட்டுடுவா."

"நான் எதுக்குடா தட்டப் போறேன்?"

மார்லூஸ் ஒரு கையால் சட்டைக் காலரையும் மறு கையால் சட்டைக் கையையும் பிடித்தாள். திரும்பினாள். அவ்வளவுதான். மின்விசிறி காலுக்குக் கீழே போயிற்று. எழுபத்தாறு கிலோ உடம்பு, எடையே இல்லாததுபோல ஒரு வட்டம் சுற்றியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு அந்த 'டப்' சத்தத்துக்காகக் காத்திருந்தாள் கொளஞ்சியம்மாள்.

சத்தம் வரவில்லை. முதுகு மெத்தையில் பட்டது, தலை படவில்லை. கண்ணைத் திறந்தபோது தன் வலது கை மட்டும் மேலே நின்றது. மார்லூஸ் அந்தச் சட்டைக் கையை இன்னும் விடாமல் மேல்நோக்கி இழுத்துப் பிடித்திருந்தாள்.

"என்னடா இது? இன்னும் புடிச்சிக்கினு இருக்கா?"

"போடறவங்கதாம்மா கடைசி வரைக்கும் புடிச்சிருக்கணும். அப்பத்தான் வுழுவுறவன் தல தரையில மோதாது. அன்னிக்கு ஸ்டேடியத்துல என்னயத் தூக்கிப் போட்ட பையன் பயத்துல பாதியில கைய வுட்டுட்டான். அதான் எலும்பு போச்சு."

"வீடியோவுல?"

"முப்பத்திரண்டு தடவயும் புடிச்சிருப்பா, பாரு. நீ என்னயத்தான் பாத்துக்கினு இருந்த. அவ கையப் பாக்கல."

கொளஞ்சியம்மாள் யோசித்தாள். "அந்தக் கடைசி ஃபைனல்ல முழங்கை போச்சுன்னியே?"

இளவரசு மார்லூஸைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னான். "இவ தூக்கிப் போடறப்ப எதிர்ல நின்ன பொண்ணு தல குப்புற வந்துடுச்சும்மா. கைய வுட்டிருந்தா இவளுக்கு ஒண்ணும் ஆயிருக்காது. வுடல."

மார்லூஸ் அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். "வலி, அத்தை?" என்றாள். சாம்பியனின் நெற்றியெல்லாம் வியர்வை. எத்தனை ஃபைனல் பார்த்தவள், இந்த ஒன்றுக்கு இப்படிப் பயந்திருக்கிறாள்!

கொளஞ்சியம்மாள் படுத்தபடியே இடது கையை நீட்டி, அவள் முழங்கையில் இருந்த நீளத் தழும்பை விரலால் தடவினாள். பிறகு அதே இடத்தில் மெதுவாக இரண்டு தட்டு தட்டினாள்.

"ஐயையோ, அண்ணி தட்டுறாங்க! வுடச் சொல்லுடா!" என்று கத்தினாள் சந்திரலேகா.

"வுடக் கூடாதுன்னு சொல்லுடா" என்றாள் கொளஞ்சியம்மாள். "ஏங்க, வைகாசியில ஒரு நல்ல நாளாப் பாருங்க."