பெல்ட்டில் இல்லாத கோடு

மஞ்சள் காரின் ஓட்டுநர் பக்கத்து சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஷெட்டின் கதவு அகலத் திறந்திருந்ததால் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. சாய்த்துப் பார்த்தேன், கட்டைவிரலால் நீவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அன்றைக்குத்தான் வாங்கி மாட்டியதுபோல வழவழவென்று இருந்தது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் அதுதான் உண்மை.

நான் இன்சூரன்ஸ் சர்வேயர். சர்வேயர் என்றதும் உறவுக்காரர்கள் நிலம் அளப்பவன் என்று நினைத்து, வேலித் தகராறுகளையெல்லாம் என்னிடம் கொண்டுவருவார்கள். நான் அளப்பது நொறுங்கிய கார்களை. வண்டி எப்படி மோதியது, ஓட்டியவர் சொல்வது நிஜமா என்று பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. இருபத்தாறு வருடமாக இதே பிழைப்பு. மனிதர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்வார்கள். "நின்னுட்டிருந்த வண்டி சார், அவன்தான் வந்து இடிச்சான்" என்று கண்ணில் நீர் முட்டச் சொல்வார்கள். பெல்ட் அப்படியெல்லாம் சொல்லாது. மோதும்போது ஆள் முன்னால் பாய்வார், பெல்ட் பிடித்து நிறுத்தும். அந்த இழுப்பில் தோளுக்கு மேலிருக்கும் வளையத்தில் உரசி, பெல்ட்டின் குறுக்கே பளபளவென்று ஒரு கோடு விழுந்துவிடும். பிறகு பெயின்ட் அடிப்பார்கள், கதவை மாற்றுவார்கள், விளக்கை மாற்றுவார்கள். பெல்ட்டை மாற்ற வேண்டுமென்று பெரும்பாலும் யாருக்கும் தோன்றாது.

அந்தக் கோடு அன்றைக்கு இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. இருந்திருந்தால் "அடிபட்ட வண்டி, வேண்டாம் பாப்பா" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

எங்கள் பெண் பாப்பாவுக்குப் போன மாதம் பதினெட்டு முடிந்தது. லைசென்ஸ் கைக்கு வந்து இரண்டு வாரம். தெருவில் அவள் வயதுப் பெண்கள் ஸ்கூட்டருக்கு அடம்பிடித்துக்கொண்டிருக்கும்போது, இவள் ஓர் ஓய்வுபெற்ற பல் டாக்டரம்மா விற்கப் போட்டிருந்த ஸ்போர்ட்ஸ் காருக்குக் கைகாட்டினாள். இரண்டே இரண்டு இருக்கை. தரையோடு தரையாக உயரம். மூச்சு விடுவதற்குள் நூறைத் தொட்டுவிடும் இன்ஜின். கைகாட்டியது அவள் தப்பு இல்லை. "நீ கைகாட்டுற வண்டிய வாங்கித் தர்றேன்" என்று சொன்னது நான்.

அதைச் சொன்னபோது அவளுக்கு ஐந்து வயது. அப்போது எங்களிடம் இருந்த காருக்குக் கிழவன் என்று பெயர். என் மனைவி வைத்த பெயர். நாங்கள் வாங்கும்போதே இரண்டு கை மாறி வந்த சாம்பல் நிற வண்டி. பின்கதவைக் கொஞ்சம் தூக்கிச் சாத்தினால்தான் சாத்திக்கொள்ளும். இடது பக்கக் கண்ணாடி தானாக இறங்கிவிடும் என்று அட்டையை மடித்துச் சொருகி வைத்திருப்போம். மழை பெய்தால் அட்டை ஊறிவிடும், அப்போது என் மனைவி கண்ணாடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே வருவாள். தபால் அலுவலகத்தில் நாள் முழுக்க முத்திரை குத்திய கை அது. "ஆபீஸ்லதான் கைக்கு வேலைன்னா, கிழவன் வீட்டுக்குப் போற வழியிலயும் வேலை வாங்கறான்" என்பாள். பாப்பா பிறந்து மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து கிழவனில்தான் வந்தாள். அன்றைக்கு நான் ஓட்டிய வேகத்தில் ஒரு சைக்கிள்காரர் எங்களைத் தாண்டிப் போனார். போகிறபோது உள்ளே எட்டிப் பார்த்து, குழந்தையைக் கண்டதும் சிரித்துவிட்டுப் போனார். அவர் சிரிப்புகூட இன்னும் நினைவிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ரயில்வே மேம்பாலம் காலியாக இருக்கும். பாலம் நடுவில் முதுகு தூக்கியிருக்கும். அந்த மேட்டை வேகமாக ஏறி இறங்கினால், ஒரு நொடி வயிறு மட்டும் மேலேயே நின்றுவிடும். பாப்பாவை ஏற்றிக்கொண்டு நான் அதைச் செய்வேன். கிழவனின் நட்டு போல்ட்டெல்லாம் சேர்ந்து நடுங்கும். மிதி மிதியென்று மிதித்து அறுபதைத் தொடுவதற்குள் எனக்கு வியர்த்துவிடும். உச்சியில் அவள் கிறீச்சென்று ஒரு சத்தம் போடுவாள் பாருங்கள், அந்தச் சத்தத்துக்காக நான் எதையும் கொடுத்திருப்பேன். "இன்னொரு தடவைப்பா" என்பாள். திருப்பிக்கொண்டு போவேன். ஒரு நாள் அப்படித் திரும்பும்போதுதான், "இதவிட வேகமா போற வண்டி இருக்காப்பா?" என்று கேட்டாள். இருக்கிறது, உனக்குப் பதினெட்டு ஆனதும் நீ கைகாட்டு, வாங்கித் தருகிறேன் என்றேன். ஒரு தடவை சொல்லியிருந்தால் மறந்திருப்பாள். அவள் முகம் மலர்வதைப் பார்ப்பதற்காகவே வருடத்துக்கு நாலு தடவை சொன்னேன்.

அந்த நாட்களில் மனைவிக்குச் சனிக்கிழமையும் வேலை. அதனால் சனிக்கிழமைகளில் பாப்பா என்னோடு வண்டிகள் நிற்கும் யார்டுக்கு வருவாள். பார்க்கக் கூடாத வண்டிகள் இருக்கும் பக்கம் அவளை விடமாட்டேன். லேசாக நசுங்கியவற்றின் அருகே டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எண்ணைச் சொன்னால் நோட்டில் எழுதுவாள், ஒன்பதை மட்டும் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றி. பெல்ட்டை இழுத்துக் கோட்டைக் காட்டினால், தானும் இழுத்துப் பார்ப்பாள். "இவங்க பொய் சொன்னாங்களாப்பா?" என்று காதோடு கேட்பாள். ஏதோ இரண்டு துப்பறிவாளர்கள் மாதிரி திரிந்தோம். என் வாழ்க்கையில் நல்ல சனிக்கிழமைகள் என்றால் அவைதான்.

அவளுக்கு எட்டு வயதானபோது கிழவனைப் பழைய இரும்புக்குக் கொடுத்தோம். அதற்குள் என் வேலையும் மாறிவிட்டது. பெரிய விபத்துகளை எனக்குத் தர ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு மேம்பாலத்தில் நான் வேகமாக ஏறியதே இல்லை. ஏன் என்று பாப்பா இரண்டொரு தடவை கேட்டாள், பிறகு விட்டுவிட்டாள்.

மஞ்சள் காரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய நாள், துணி மடித்துக்கொண்டே என் மனைவி சொன்னாள், "ஏத்தி விட்டது நீங்க. நீங்கதான் இறக்கி விடணும்."

"அவளே பாத்துட்டு வேணாம்னு சொல்லிடுவா."

"சொல்ல மாட்டா. வேணாம்னா நீங்க நேரா வேணாம்னு சொல்லுங்க. சுத்தி வளைக்காதீங்க. உங்களுக்கு அது ஒன்னுதான் வராது."

வரவே வராது. ஊருக்கெல்லாம் முகத்துக்கு நேரே "உங்க கிளெய்ம் செல்லாது" என்று சொல்கிறவன், அவளிடம் ஒரு பென்சிலுக்குக்கூட இல்லை என்று சொன்னதில்லை.

பல் டாக்டரம்மா எங்களுக்காகவே ஷெட்டைத் திறந்து, கையில் ஒரு துணியோடு காத்திருந்தார். எழுபதை ஒட்டிய வயது, கட்டையான உருவம், குறும்பான கண். க்ளினிக்கை மூடிய வாரம், இரண்டாம் கையாக இந்த வண்டியை வாங்கினாராம். ஏழு வருடமாக ஓட்டுகிறார். "நாப்பது வருஷம் அடுத்தவங்க வாயைப் பாத்துட்டே இருந்தாச்சு. கொஞ்ச நாள் ரோட்டைப் பாப்போமேன்னு வாங்கினேன்" என்றார். இப்போது முட்டி ஒத்துழைக்கவில்லை. "ஏறி உக்காந்துடறேன் சார். எறங்கத்தான் ரெண்டு ஆள் வேணும்."

பாப்பா சிரித்தாள். அவளை அவருக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. "வாங்கி மூடி வைக்கத்தான் நெறய பேர் கேக்கறாங்க. நீ ஓட்டுவியாம்மா?"

"ஓட்டுவேன் டாக்டர்."

"அப்ப உக்காந்து பாரு."

பாப்பா உள்ளே இறங்கி அமர்ந்தாள். டாக்டரம்மாவின் அளவுக்கு வைத்திருந்த இருக்கையிலிருந்து அவளுக்குப் பெடல் எட்டவில்லை. அவரையும்விடக் குட்டை, என் மனைவியைப் போல. கீழே கைவிட்டு லீவரை இழுத்து, இருக்கையை முன்னால் தள்ளினாள். கடகடவென்று அடியிலிருந்த பல் வைத்த தண்டவாளத்தில் ஓடி, கடைசிப் பல்லில் போய் டக்கென்று நின்றது.

அந்தச் சத்தத்தை வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். நான் கவனித்தேன். நொறுங்கிய வண்டியில் நான் முதலில் எழுதுவது இருக்கையின் இடம். ஓட்டியவரின் உயரம் அதில் தெரிந்துவிடும். வேகமான வண்டிகளில், கடைசிப் பல் வரை முன்னால் தள்ளிய இருக்கைகளை நான் மூன்று தடவை எழுதியிருக்கிறேன். மூன்று தடவையும் வயது என்ற இடத்தில் இருபதைத் தாண்டவில்லை. அந்த அறிக்கைகளை எழுதிய நாட்களில் வீட்டுக்கு வந்து, தூங்கும் பாப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் அவளை இறங்கச் சொல்லி, பெல்ட்டை இழுத்துப் பார்த்தேன். கோடு இல்லை. டாக்டரம்மா பேனட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாப்பாவை ஓரமாகக் கூப்பிட்டேன்.

"பெல்ட்ல கோடு இருக்கு பாப்பா. வண்டி ஒரு தடவை பலமா மோதியிருக்கு" என்றேன்.

இருபத்தாறு வருடத்தில் நான் கொடுத்த முதல் பொய் அறிக்கை. கெஞ்சுவாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், இன்னொருவரிடம் காட்டலாம் என்பாள் என்று பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவள் வண்டியை ஒரு தடவை பார்த்தாள். "சரிப்பா" என்றாள். அவ்வளவுதான். என் வார்த்தைக்கு மேல் அவளுக்கு வார்த்தை கிடையாது என்பது அப்போதுதான் உறைத்தது.

அதோடு முடிந்திருந்தால் தேவலை. நான் வளர்த்த பெண்ணல்லவா, நேராக டாக்டரம்மாவிடம் போனாள்.

"டாக்டர், உங்களுக்குத் தெரியாம இருக்கக் கூடாதுன்னு சொல்றேன். தப்பா எடுத்துக்காதீங்க. இது முன்னாடி அடிபட்ட வண்டி. அப்பா இதே வேலைதான் பாக்கறாரு."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. டாக்டரம்மா என்னைப் பார்த்தார். இல்லை என்று சொல்ல அதுதான் நேரம். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"அப்படியா" என்றார். "வாங்கும்போது ரெண்டு தடவை கேட்டேன். சத்தியம் பண்ணாத குறையா சொன்னாங்க." "ஏழு வருஷம் ஊரெல்லாம் பெருமையடிச்சிருக்கேன் சார்" என்று சிரிக்கப் பார்த்தார். துணியை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வண்டியை அவர் தொடவில்லை.

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. எங்கள் காரைத் திருப்பி நிறுத்துகிறேன் என்று வெளியே வந்துவிட்டேன். பாப்பா வர ஐந்து நிமிடம் ஆயிற்று. ஏறி அமர்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். காரைப் பெரிய சாலைக்குக் கொண்டுவந்தேன்.

"டாக்டருக்கு அந்தக் கோட்டைக் காட்டலாம்னு இழுத்தேன்ப்பா" என்றாள்.

நான் கியரை மாற்றினேன்.

"அவங்க கண்ணாடியெல்லாம் போட்டுட்டு வந்து பக்கத்துல நின்னாங்க. கோடு இல்ல. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. இங்க வெளிச்சம் பத்தல டாக்டர்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

வாசலில் வெயில் அடித்துக்கொண்டிருந்த ஷெட் அது. அவர் நம்பியிருக்கவா போகிறார். என் பொய்யை மறைக்க என் பெண் ஒரு பொய் சொல்லியிருக்கிறாள், அதுவும் பெல்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு. வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது.

"வேணாம்னு சொல்லிருக்கலாமேப்பா."

"சொன்னா நீ வருத்தப்படுவியேன்னு..."

"பட்டிருப்பேன். அழுதிருப்பேன். ரெண்டு நாள் சாப்பிடாம சீன் போட்டிருப்பேன். அப்புறம் சரியாயிருக்கும்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இனிமே நீங்க ஏதாவது சொன்னா, அது நிஜமான்னு நான் யோசிக்கணும். அதான்ப்பா கஷ்டமா இருக்கு."

வேகத்தைக் குறைத்தேன். பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்துத் தாண்டிப் போனார்கள். "பயமா இருந்துச்சு பாப்பா" என்றேன். "நீ அந்த சீட்டை முன்னால தள்ளினியே, அப்ப பயந்துட்டேன். என்னால அத வாயைத் திறந்து சொல்ல முடியல." கண்ணில் நீர் வந்தது. துடைக்கவில்லை.

நான் பார்த்த பெரிய விபத்துகளைப் பற்றி அவளிடம் ஒருநாளும் பேசியதில்லை. சீட்டை ஏன் சொல்கிறேன் என்று அவளுக்குப் புரிந்ததா தெரியாது. கொஞ்ச தூரம் போனதும், "டாக்டர் பாவம்ப்பா. வண்டிமேல கவரைக்கூடப் போடல. அப்படியே விட்டுட்டு உள்ள போயிட்டாங்க" என்றாள்.

அடுத்து வந்த திருப்பத்தில் இண்டிகேட்டரைப் போட்டு, சாலை நடுவில் இருந்த இடைவெளிக்குள் காரை ஒதுக்கினேன்.

"எங்கப்பா?"

"திரும்பிப் போறோம். நல்ல வண்டி, ஒரு கீறல் இல்லன்னு சொல்லணும். நான்தான் பொய் சொன்னேன்னு சொல்லணும்."

"சொன்னா அப்ப வாங்கறீங்களான்னு கேப்பாங்க."

"கேப்பாங்க."

"என்ன சொல்லுவீங்க?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். எதிர்ச்சாலையில் வண்டிகள் விடாமல் வந்துகொண்டிருந்தன. அவை வருவது அவள் பக்கத்திலிருந்து. என் இருக்கையிலிருந்து எனக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை. பாப்பா கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள். காற்றில் தலைமுடி முகத்தில் அடித்தது.

"இருங்க, லாரி ஒன்னு வருது. அது போகட்டும்" என்றாள்.

லாரி போனது. அதன் பின்னால் ஒரு பஸ், அதன் பின்னால் இரண்டு வேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்தபடியே, ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டி, உள்ளங்கையை எனக்கு நேராக விரித்துப் பிடித்திருந்தாள். நான் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.