சாம்பல் துண்டு

ஓரகத்திகள் இரண்டு பேர் ஒரே வீட்டில் இருந்தால் என்றைக்காவது பாத்திரம் பறக்கும் என்று அக்கம்பக்கம் காத்திருந்தது. ஆறு வருடம் காத்திருந்து அலுத்துப்போனது. மாடியில் இருந்த பெரியவளும் கீழே இருந்த சின்னவளும் அப்படி ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள். மாமியாரின் கண்ணாடிக் கிண்ணத்தைச் சின்னவள் உடைத்த அன்று, "நான்தான் அத்தை, கை தவறிடுச்சு" என்று பெரியவள் முந்திக்கொண்டாள். பெரியவள் சினிமாவுக்குப் போய் நேரம் கழித்து வந்த அன்று, "நான்தான் கடைக்கு அனுப்பினேன்" என்று சின்னவள் கூசாமல் சொன்னாள். இதற்கென்று ஒரு சைகையே வைத்திருந்தார்கள். மாட்டிக்கொண்டவள் காது மடலை மெல்ல இழுப்பாள். மற்றவள் பொய்யோடு தயாராக இருப்பாள்.

நூலக மாடியில் சனிக்கிழமை மதியம் காகித ஓவிய வகுப்பு நடக்கிறது என்று கண்டுபிடித்தவளும் பெரியவள்தான். பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்கார்ந்திருப்பவள் அவள். ஊரில் எது நடந்தாலும் முதலில் அவள் காதுக்கு வந்துவிடும். "வா, ஒரு மாறுதலுக்குப் போய்ட்டு வரலாம். மிஞ்சிப்போனா கத்தரிக்கோல் பிடிக்கணும், அதுதான் உனக்குக் கை வந்த கலையாச்சே" என்று சின்னவளை இழுத்துக்கொண்டு போனாள்.

சின்னவளுக்கு வேலை ஆயத்த ஆடைக் கம்பெனியில், துணி வெட்டும் பிரிவில். சட்டைக் கை, காலர், முதுகு என்று அட்டை அச்சுகளைத் துணி மேல் அடுக்க வேண்டும். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் விரல் நுழையக்கூட இடம் இருக்கக் கூடாது. இடம் விட்டால் துணி வீண், மேற்பார்வையாளர் வந்து ஏறிவிடுவார். பத்து வருடம் இடைவெளியே இல்லாமல் அடுக்கிப் பழகிய கை, வகுப்பில் என்ன செய்யும்? முதல் நாள் கொடுத்த வெள்ளைத் தாளில் கறுப்புத் துண்டுகளை மூட்டை மூட்டையாக அடுக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். டீச்சர் சிரித்துவிட்டாள்.

"நல்லா பேக் பண்ணியிருக்கீங்க. எந்த ஊருக்கு அனுப்பணும்?"

டீச்சர் இவர்கள் இருவரையும்விடச் சின்னப் பெண். கோந்தை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டியிருப்பாள். கடைசி வாரம் வரை யாரும் எதையும் ஒட்டக் கூடாது என்பது அவள் சட்டம். வெட்டு, அடுக்கு, நகர்த்து, பார். மணி அடித்ததும் எல்லாவற்றையும் வழித்து உறையில் போடு. ஒட்டிவிட்டால் யோசிப்பது நின்றுவிடும் என்பாள். இவர்கள் அவளுக்குக் கோந்து டீச்சர் என்று பேர் வைத்தார்கள்.

சட்டம் பெரியவளுக்கு எரிச்சலாக இருந்தது. "உழைச்சதையெல்லாம் வழிச்சு உறையில போட்டுட்டு வீட்டுக்குப் போறதுக்கு வகுப்பு எதுக்கு?" என்று பஸ்ஸில் முணுமுணுப்பாள். சின்னவளுக்கோ அது சொர்க்கமாக இருந்தது. கம்பெனியில் ஒரு முறை கத்தி இறங்கினால் இறங்கினதுதான். இங்கே ஒரு துண்டை நூறு தடவை நகர்த்தலாம், யாரும் கேட்பதில்லை.

மெல்ல மெல்லக் கண் திறந்தது. ஒரே அளவில் ஐந்து சதுரங்கள் வரிசையாக நின்றால் பார்வை தூங்கிவிடுகிறது, ஒன்றைச் சாய்த்தால் விழித்துக்கொள்கிறது. பெரிய கறுப்பு இடது பக்கம் உட்கார்ந்தால் தாளே அந்தப் பக்கம் சரிகிறது, எதிர்மூலையில் நகக்கண் அளவு சிவப்பு வைத்தால் சமமாகிறது. எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக வந்தது வெற்றிடம். "காலியா இருக்கிற இடமும் ஒரு துண்டுதான், அதையும் நீங்கதான் வெட்டுறீங்க" என்று டீச்சர் சொன்ன அன்று இரவு சின்னவளுக்குத் தூக்கமே வரவில்லை.

வகுப்பின் முடிவில் கண்காட்சி. அதில் ஒரே ஒருவருக்கு இரண்டு வருட ஓவியப் படிப்பில் இலவச இடம். சின்னவள் இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, கணவனிடம்கூட. பெரியவளிடம் மட்டும், துணி காயப்போடும்போது சொன்னாள்.

"கிடைச்சா நான் கம்பெனியை விட்டுடுவேன், அக்கா. எனக்கு அது வேணும். வெட்கத்தை விட்டுச் சொல்றேன், ரொம்ப வேணும்."

"கிடைக்கட்டும். அத்தைகிட்ட நான் பேசுறேன், நீ வாயே திறக்க வேணாம்" என்றாள் பெரியவள். சொன்னதோடு நிற்காமல் அவள் கையைப் பிடித்து அழுத்தவும் செய்தாள். பிற்பாடு சின்னவளை வதைத்தது அந்த அழுத்தல்தான்.

கண்காட்சிக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சின்னவள் சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் ஜன்னல், நல்ல வெயில். இடது பக்கம் மூன்று பெரிய கறுப்புத் துண்டுகள், மேலே ஒரு கிழிசல் விளிம்பு, நடுவுக்குச் சற்றுத் தள்ளி ஒரு சிவப்பு. வலது பக்கம் கீழே முழுக்க வெற்றிடம். கடைசிச் சிவப்பை ஒரு நூல் நகர்த்தியதும் எல்லாம் சட்டென்று அடங்கி உட்கார்ந்தது.

டீ கொண்டுவந்த பெரியவள் எதிரில் நின்று பார்த்தாள். "அம்மாடி! அசையாதே, அப்படியே இரு. நினைவுக்கு ஒரு போட்டோ" என்று போனில் எடுத்தாள்.

சின்னவள் டீயை வாங்க எழுந்தாள். திரும்பிப் பார்த்தால் படம் செத்துப்போயிருந்தது. இடது பக்கம் அப்படியே சரிந்து கிடந்தது. ஒரு துண்டும் நகரவில்லை, காற்றும் இல்லை. ஒரு மணி நேரம் மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று மாற்றி மாற்றி வைத்தும் அந்த அமைதி திரும்பவில்லை. கடைசியில் வழித்து உறையில் போட்டுவிட்டு வேறு ஒன்றைச் செய்தாள். கண்காட்சிக்குக் கொடுத்தது அதைத்தான், அரை மனதோடு. பெரியவளோ தன் படத்தைக் கண்ணில்கூடக் காட்டவில்லை. "கேலி பண்ணுவே" என்றாள்.

கண்காட்சி அன்று நூலக மாடியில் நல்ல கூட்டம். தேர்வானதற்கு அடையாளமாக நட்சத்திரம் ஒட்டிய படத்தின் முன்னால் போய் நின்றாள் சின்னவள். அதே மூன்று கறுப்பு. அதே கிழிசல். அதே சிவப்பு, நூல் பிசகாமல். கீழே பெரியவளின் பேர். ஒன்றே ஒன்று புதிது: வலது பக்கம் கீழே, சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய உருண்டைத் துண்டு, அதன் தலையில் சின்ன உருண்டை ஒன்று. அன்றைக்கு அடங்கி உட்கார்ந்த படம் இங்கே மறுபடி அடங்கி உட்கார்ந்திருந்தது.

பெரியவள் அவள் முழங்கையைப் பிடித்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனாள்.

"இங்க வெச்சு ஒண்ணும் பேசாதே. நீதான் கலைச்சுட்டியே! வேணாம்னு உறையில வழிச்சுப் போட்டதை எடுத்தா அது திருட்டா?"

"அக்கா, எனக்கு அது எவ்வளவு வேணும்னு உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன்."

"உன்னை விடுவாங்களா? கம்பெனியை விட்டுட்டு நிக்கறேன்னா உன் புருஷன் சும்மா இருப்பானா? எனக்குன்னா யாரும் கேக்க மாட்டாங்க. நானும் எத்தனை வருஷம் பேரைச் சொல்லுங்க, உள்ள போங்கன்னு சொல்லிட்டு உக்காந்திருக்கிறது?"

சின்னவள் கேட்டது வேறு. "அந்தச் சாம்பல் என்ன?"

பெரியவள் விழித்தாள். "பாறை. நீ வெச்சதுதானே? போட்டோல இருந்துச்சே. அந்தத் தாளுக்காக நாலு கடை ஏறி இறங்கினேன்."

அப்போதுதான் சின்னவளுக்கு உறைத்தது. தலை, தலைக்கு மேல் அவள் எப்போதும் போடும் கொண்டை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருந்த அவளுடைய நிழல். அவள் எழுந்ததும் அதுவும் எழுந்து போய்விட்டது, படம் சரிந்தது அதனால்தான். வெட்டியது அவள், அடுக்கியது அவள், தலை அவளுடையது, நிழலும் அவளுடையது. கோந்து மட்டும் அக்காவுடையது.

டீச்சர் சிரித்த முகத்தோடு வந்தாள். "இந்தச் சாம்பல்தான் எங்க எல்லாரையும் நிறுத்திடுச்சு. இது இல்லன்னா படமே சாஞ்சிருக்கும். எப்படித் தோணுச்சு?"

பெரியவள் கை மேலே போயிற்று. காது மடலை மெல்ல இழுத்தாள்.

சின்னவள் அதைப் பார்த்தாள். இதற்குமா? ஆறு வருடப் பழக்கம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பாள், அவளுக்குப் பொய்யா தெரியாது! ஆனால் அவள் சுவர் விளக்குக்கு முதுகைக் காட்டி, பக்கத்து மேசை மேல் குனிந்தாள். வெள்ளை விரிப்பில் தலை விழுந்தது, கொண்டையோடு.

"அது பாறை இல்ல, டீச்சர். நான்."

டீச்சர் விரிப்பைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், பெரியவளின் குட்டையாக வெட்டிய முடியைப் பார்த்தாள். கடைசியில் சின்னவளிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். "அடுக்கினது நீங்க. ஆனா சாம்பலை ஒட்டினது நீங்க இல்ல. நீங்க கொடுத்த படத்துல அது இல்ல. ரெண்டு பேருக்குமே என்னால கொடுக்க முடியாது." நட்சத்திரத்தை உரித்து எடுத்தாள். இடம் வகுப்பில் இருந்த ஒரு தபால்காரருக்குப் போயிற்று.

வீட்டுக்கு வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. எப்படிச் சொல்லப்பட்டு வந்ததோ. மாமியார் முகம் கொடுக்கவில்லை. கணவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டான்.

"நீ ஏன் வாயைத் திறந்தே? நம்ம வீட்டுல ஒருத்திக்காவது கிடைச்சிருக்கும்ல?"

எனக்குக் கிடைக்க வேண்டியது என்று அவள் சொல்லியிருக்கலாம். கேட்க அந்த வீட்டில் ஆள் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே மேசையில், அதே வெயிலில் சின்னவள் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். படியில் காலடிச் சத்தம். பழக்க தோஷம், பெரியவள் இரண்டு டம்ளர் டீயோடு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வருவதா திரும்புவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

சின்னவள் நிமிரவில்லை. இரண்டு கையையும் விரித்துத் தாளை மூடிக்கொண்டாள்.